நாற்பத்து மூன்று நாற்காலிகள்

டிக்கியின் உள் அகலம் நாற்பத்து நான்கு அங்குலம். சக்கர நாற்காலியின் நீளம் நாற்பது. டிக்கியின் ஆழம் முப்பத்தெட்டு. நாற்காலியின் உயரம் முப்பத்தாறு. மடக்கினால் நாற்காலியின் தடிமன் பன்னிரண்டுதான்; டிக்கிக்கோ இருபது அங்குல உயரம் இருக்கிறது. தையல்காரர் மூன்று முறை நாடா பிடித்துப் பார்த்துவிட்டார். எந்தப் பக்கம் அளந்தாலும் டிக்கிதான் பெரியது. ஆனால் நாற்காலி உள்ளே போகவில்லை.

நேராகத் தள்ளினார். இடது பின்விளக்கில் இடித்தது. திருப்பிப் போட்டுத் தள்ளினார். வலது பின்விளக்கில் இடித்தது. செங்குத்தாக நிறுத்திப் பார்த்தார். மூடி சாத்திக்கொள்ள மறுத்தது.

"டேய், அது டிக்கியா, உண்டியலா?" என்று முன் இருக்கையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. நாற்காலி அவளுடையது. அவளை முன் இருக்கைக்கு மாற்றி உட்காரவைத்த பிறகுதான் இந்தக் கூத்து தொடங்கியிருந்தது.

காரணம் தையல்காரருக்குப் புரியாமல் இல்லை. சட்டைக்கு மார்பளவு நாற்பது இருக்கலாம், கழுத்தளவு பதினைந்துதான். உடம்பு பெரிதென்று வாயும் பெரிதாக இருக்க வேண்டும் என்று சட்டம் கிடையாது. இந்த டிக்கியின் வாய், இரண்டு பின்விளக்குகளுக்கும் நடுவே, முப்பத்தோரு அங்குலம். நாற்காலியின் குறுகிய பக்கமே முப்பத்தாறு. புரிந்தது. புரிந்து என்ன செய்ய? நோய் தெரிந்துவிட்டது, மருந்து தெரியவில்லை.

அன்று வியாழக்கிழமை. திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர வேண்டும். ஐம்பது வயதில் கிடைத்த வேலை. இருபத்தைந்து வருஷம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வகுத்தலும் பெருக்கலும் சொல்லிக்கொடுத்தவளுக்கு, முதல்முறையாக ஒரு கரும்பலகையும் முப்பத்தெட்டுப் பிள்ளைகளும். சேரவில்லை என்றால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று உத்தரவிலேயே அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்கள். பள்ளிக்கூடம் பதினான்கு கிலோமீட்டர் தள்ளி. பேருந்துப் படிகளில் நாற்காலி ஏறாது. கார் ஒன்றுதான் வழி. தையல்காரருக்கு ஓட்டத் தெரியும்; சீருடைக் கம்பெனி வேனை ஏழு வருஷம் ஓட்டியவர்.

பழைய கார் விற்கும் யார்டுக்காரர் வாயில் பல்குச்சியோடு வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, இது அஞ்சாம் தலைமுறை. இந்த மாடல்ல கடைசியா வந்தது. இதுக்கு முந்தின நாலு தலைமுறைல எதுலயாவது வாய் அகலமா இருக்கும். எனக்குத் தெரியாது. மதிப்பீட்டு வாரியத்துல போய்க் கேளுங்க. எப்படியும் அவங்க சான்று இல்லாம நான் வண்டிய உங்க பேருக்கு மாத்த முடியாது. வண்டிய எடுத்துட்டே போங்க. நாற்காலிய பின்சீட்ல போட்டுக்கோங்க."

பின்சீட்டில் போட்டால் கதவு மூடாது. ஒரு கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

நடுத்தரக் குடும்ப செடான் மதிப்பீட்டு வாரியம் நான்கு மாடிக் கட்டடம். வாசலில் இருபது வண்டிகள் நிறுத்த இடம் இருந்தது. அதில் ஒரு செடான்கூட நிற்கவில்லை. சைக்கிள்கள் நின்றன, மூலையில் இயக்குநரின் பெயர்ப்பலகைக்குக் கீழே, ஆள் உயரச் சக்கரங்களோடு ஒரு பெரிய ஜீப் நின்றது.

வாயில் காவலர் தையல்காரரின் கழுத்தைப் பார்த்தார். கழுத்தில் அங்குல நாடா தொங்கியது. அது அங்கே தொங்குவது அவருக்கே தெரியாது. மூக்குக்கண்ணாடி போட்டவருக்குக் கண்ணாடி தெரியாத மாதிரி.

"அத கழட்டிக் குடுங்க."

"நாடாங்க. தையல் நாடா."

"தெரியுது. வெளி அளவு எதுவும் உள்ள வரக்கூடாது. போன வருஷம் ஒருத்தர் கொண்டுவந்துட்டார். எங்க அளவும் அவர் அளவும் ஒத்துப்போகல. பெரிய சங்கடமாப் போச்சு."

"யார் அளவு சரி?"

"அதனாலதான் இப்ப உள்ள விடுறதில்ல" என்று காவலர் நாடாவை மடித்து, எண் எழுதிய வில்லை ஒன்றைக் கொடுத்தார்.

முதலில் லிட்டர் பிரிவு. அது ஒரு கொட்டகை. லிட்டர் அலுவலர் ஒல்லியானவர். வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். டிக்கி எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பதை அங்கே கண்டுபிடிக்கும் முறை அழகானது. சரியாக ஒரு லிட்டர் கன அளவுள்ள மரக்கட்டைகள் ஆயிரம் வைத்திருக்கிறார்கள். அவற்றை ஒவ்வொன்றாக டிக்கிக்குள் அடுக்க வேண்டும். இடுக்கில்லாமல், மூலை முடுக்கெல்லாம் அடைத்து, இனி ஒன்றுகூடப் போகாது என்கிற இடத்தில் நிறுத்தி எண்ண வேண்டும். எத்தனை கட்டையோ அத்தனை லிட்டர். யோசித்துப் பார்த்தால் குறை சொல்ல முடியாத முறை. கட்டைகள் ஒரு கைக்கு அடக்கமானவை என்பதால், வாய் எத்தனை சின்னதாக இருந்தாலும் உள்ளே போய்விடும். அங்கேதான் யானை போன வழியில் வால் சிக்கியது.

ஒன்றரை மணி நேரம் அடுக்கினார்கள். லிட்டர் அலுவலர் கையுறையைக் கழற்றினார்.

"நானூத்து எண்பது. இந்த மாடல்லயே இதுதான் அதிகம். உங்களுக்கு என்ன சந்தேகம்?"

"இந்த நாற்காலி உள்ள போகணும்ங்க. அவ்வளவுதான்."

"அப்படியா? அப்ப நாற்காலியோட கன அளவு தெரியணுமே."

இதற்கும் முறை இருந்தது. தொட்டி நிறையத் தண்ணீர். பொருளை முழுக்க மூழ்கவைத்தால் எவ்வளவு தண்ணீர் வழிகிறதோ அதுவே அந்தப் பொருளின் கன அளவு. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். தையல்காரர் வாயைத் திறப்பதற்குள் இரண்டு பேர் நாற்காலியைத் தூக்கித் தொட்டிக்குள் இறக்கிவிட்டார்கள். குமிழி விட்டுக்கொண்டு அது அடியில் போய் உட்கார்ந்தது. ஓரமாக வழிந்த தண்ணீரை அளந்தார்கள்.

நாற்காலி என்பது பெரும்பாலும் காற்று. குழாய், கம்பி, கொஞ்சம் துணி. மீதியெல்லாம் நாம் உட்காருவதற்காக விட்ட இடம்.

"பதினோரு லிட்டர்" என்று லிட்டர் அலுவலர் அறிவித்தார். பிறகு தாளில் வகுத்தார். முகம் மலர்ந்தது. "நீங்க வீணா கவலைப்பட்டுட்டீங்க. இந்த டிக்கில நாற்பத்து மூணு நாற்காலி போகும்."

தையல்காரர் சொட்டச் சொட்ட நின்ற நாற்காலியைப் பார்த்தார். "ஒண்ணே போகலீங்களே."

"நீங்க ஒண்ண வெச்சு முயற்சி பண்ணியிருக்கீங்க. நான் நாற்பத்து மூணுக்குக் கணக்குப் போட்டிருக்கேன். மீதி ஏழு லிட்டர் வேற இருக்கு. குடை வெச்சுக்கலாம்."

"சார், இப்பவே வெச்சுக் காட்டுறேன், பாருங்க. இடிக்குது."

"பார்க்கக்கூடாது" என்றார் அலுவலர் மென்மையாக. "கண்ணால பார்க்கிறது ஆளுக்கு ஆள் மாறும். லிட்டர் மாறாது."

காருக்குத் திரும்பி வந்து தையல்காரர் விஷயத்தைச் சொன்னார். அக்கா கண்ணை மூடி மனக்கணக்குப் போட்டாள்.

"பதினொண்ண நாற்பத்து மூணால பெருக்கினா நானூத்து எழுபத்து மூணு. மீதி ஏழு. கணக்கு சரிதான்டா."

"அக்கா!"

"கணக்கு சரின்னேன். விடை சரின்னேனா? ஏட்டுச் சுரைக்காய்க்கும் எடை இருக்கு, எழுதித்தான் வெச்சிருப்பாங்க." அவள் நாற்காலியின் இருக்கையைத் தொட்டுப் பார்த்தாள். துணி ஊறிப்போயிருந்தது. "இதுல இப்ப நான் உட்கார்ந்தா அந்த மீதி ஏழு லிட்டரும் என் துணிக்கு வந்துடும். வெயில்ல வை."

அடுத்தது இரண்டாம் மாடி, தலைமுறை ஒப்பீட்டுப் பிரிவு. அங்கே இருந்த அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, அன்பான குரலில் பேசுபவர். சுவரில் ஐந்து படங்கள் மாட்டியிருந்தன. முதல் தலைமுறை பெட்டி மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை அளவுகோல் வைத்து வரைந்த கார். இரண்டாவதில் ஓரங்கள் கொஞ்சம் தேய்ந்தன. மூன்றாவது சோப்புக் கட்டி. நான்காவது பாதி கரைந்த சோப்புக் கட்டி. ஐந்தாவதில் பின்பக்கக் கண்ணாடி வழுக்கிக்கொண்டே வந்து ஏறக்குறைய விளக்குகள் வரை இறங்கியிருந்தது.

தையல்காரர் அந்தப் படங்களைத் துணி பார்க்கும் கண்ணோடு பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் விஷயம் விளங்கியது. கண்ணாடி கீழே இறங்க இறங்க, டிக்கியின் மூடி சின்னதாகிறது. விளக்குகள் பெரிதாகப் பெரிதாக, நடுவில் இருக்கும் வழி ஒடுங்குகிறது. உள்ளே இடம் கூடியிருக்கிறது, வாசல் குறைந்திருக்கிறது. வீட்டை விரிவாக்கிவிட்டு நிலைப்படியை அடைத்த கதை.

"மேடம், முதல் தலைமுறைல டிக்கி வாய் எத்தனை அங்குலம்?"

"வாயா?" அம்மாள் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார். "நாங்க இருநூத்துப் பன்னிரண்டு விஷயத்துக்கு மார்க் போடுறோம். கப் வைக்கிற குழி எத்தனை, அதோட ஆழம், கதவு சாத்துற சத்தத்தோட கண்ணியம்... வாய் இல்லையே. வாய்க்கு மார்க் கிடையாது."

"சும்மா அளந்து சொல்ல முடியுமா?"

"மார்க் இல்லாதத எதுக்குங்க அளக்கணும்?" அவர் உண்மையாகவே வியந்தார். "நீங்க மொத்த மார்க்க பாருங்க. முதல் தலைமுறை பன்னிரண்டு. ரெண்டாவது முப்பத்தொண்ணு. மூணாவது ஐம்பத்தாறு. நாலாவது எழுபத்தி எட்டு. அஞ்சாவது தொண்ணூத்து எட்டு. ஒவ்வொரு தலைமுறையும் முந்தினதவிட நல்லா இருக்கு பாருங்க."

"முதல் தலைமுறை வந்தப்பவும் பன்னிரண்டு மார்க்தானா?"

"அப்ப தொண்ணூத்தாறு."

"பிறகு வண்டி கெட்டுப்போச்சா?"

"வண்டி அப்படியேதான் இருக்கு. புதுசு வரும்போது பழசு குறையணும் இல்லையா? இல்லேன்னா வளர்ச்சின்னு எதச் சொல்றது? புதுசு ஒண்ணு வந்ததும் நாங்க ராத்திரி பகலா உட்கார்ந்து பழசோட குறைகளக் கண்டுபிடிப்போம். முதல் தடவை கண்ணுல படாத குறையெல்லாம் அப்பதான் தெரியும். அதுவும் ஒரு கண்ணியமான வேலைதான்."

"ஆறாவது வந்தா?"

"அதுக்கு நூறு."

"ஏழாவது?"

அம்மாள் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதுக்குத்தான் ஒரு குழு போட்டிருக்கோம். நாலு வருஷமா உட்கார்ந்திருக்காங்க. நூத்துக்கு மேல என்ன எண் வரும்னு."

முதல் தலைமுறை வண்டி ஒன்று கீழே முற்றத்தில் மேடைமேல் இருப்பதாக அம்மாள் சொன்னார். தையல்காரர் ஓடிப்போய்ப் பார்த்தார். கண்காட்சிப் பொருள், எஞ்சின் எடுத்தாகிவிட்டது. டிக்கி திறந்தே கிடந்தது. வாய் அகல விரிந்திருந்தது. பெருக்குகிறவர்கள் அதற்குள் ஒரு ஸ்டூலும் நான்கு வாளியும் இரண்டு துடைப்பமும் ஒரு மடக்குக் கட்டிலும் வைத்திருந்தார்கள். எதுவும் இடிக்கவில்லை. பன்னிரண்டு மார்க் வண்டி.

திரும்பி மேலே போய், ஓடுகிற நிலையில் முதல் தலைமுறை வண்டி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

"கிடைக்கலாம். ஆனா ஐம்பதுக்குக் கீழ இருந்தா குடும்ப வண்டின்னு சான்று தரமாட்டோம். மூணாவதும் நாலாவதும் மறு ஆய்வுல இருக்கு. முடிய ஆறு மாசம் ஆகும். இப்போதைக்கு அஞ்சாவது ஒண்ணுதான்."

ஆறு மாசம். திங்கட்கிழமைக்கு நான்கு நாள்கூட முழுதாக இல்லை.  அந்த வண்டி, அந்த வாய், அந்த நாற்காலி. மூன்றையும் வைத்துக்கொண்டுதான் ஏதாவது செய்ய வேண்டும்.

மூன்றாவது கட்டம், குடும்பத் திருப்திச் சோதனை. இதை இயக்குநரே நடத்துவது வழக்கம். நல்ல உயரம், நல்ல வயிறு, நல்ல குரல். ஒலிபெருக்கி இல்லாத இடத்திலும் ஒலிபெருக்கி முன்னால் நிற்பது போலவே நிற்பார். அவர் பின்னால் நான்கு தள்ளுவண்டிகளில் வாரியத்தின் நிலையான குடும்பம் வந்தது: ஒரு அப்பா, ஒரு அம்மா, ஒரு பையன், ஒரு பெண். நாலும் ரப்பர்த் தோல் போர்த்திய இரும்புப் பொம்மைகள்.

"இருபத்திரண்டு வருஷமா இதே குடும்பம்" என்றார் இயக்குநர். "ஐந்து தலைமுறை வண்டியிலும் உட்கார்ந்திருக்காங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட, கால் இடிக்குதுன்னு சொன்னதில்ல. முதுகு வலிக்குதுன்னு சொன்னதில்ல. இந்த மாதிரி குடும்பத்துக்காகத்தான் நாம உழைக்கிறோம்."

பின்சீட்டில் அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றினார்கள். ஓட்டுநர் இருக்கையில் அப்பாவை வைத்தார்கள். அப்பாவின் இரண்டு கைகளும் ஸ்டியரிங் பிடிக்கும் பாங்கில் முழங்கையில் மடங்கி, அப்படியே வார்க்கப்பட்டிருந்தன. முன்சீட்டில் ஏற்கெனவே அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்துப் பொம்மையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பேசமாட்டார் போல. நல்ல மனுஷன்."

இயக்குநர் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். மீண்டும் அக்காவைப் பார்த்தார்.

"நீங்க இதுல யாரும்மா?"

"இவனுக்கு அக்கா."

"அது இல்லையே. அப்பா, அம்மா, மகன், மகள். நாலு கட்டம்தான். அக்காங்கற உறவ நிலையான குடும்பம் ஏத்துக்கிறதில்ல."

"மகள்னு போடுங்க. எங்கப்பாவுக்கு மகள்தானே."

"மகளுக்குப் பன்னிரண்டு வயசு." அவர் தாளைத் திருப்பினார். முகம் தெளிந்தது. "இருங்க, விதி இருக்கு. சக்கரத்தோட வர்றது எதுவா இருந்தாலும் சாமான்ல சேரும். நீங்க சக்கர நாற்காலியோட வந்திருக்கீங்க. உங்களச் சாமான் கணக்குல எடுத்துக்கிறேன்."

"அப்ப நான் டிக்கியில வரணுமா?"

"தாள்ல மட்டும்தாம்மா. தாராளமா இடம் இருக்கு. நானூத்து எண்பது லிட்டர்."

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தையல்காரர் அறிவார். கணக்கில் ஏமாற்றி விடை எழுதிய பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது. "சார், நீங்க இந்த வண்டிய எப்பவாவது ஓட்டியிருக்கீங்களா?"

"ஓட்டக்கூடாதும்மா!" இயக்குநர் நெஞ்சில் கை வைத்தார். "ஓட்டினா பிடிச்சுப்போகும், இல்ல பிடிக்காமப்போகும். ரெண்டுமே ஆபத்து. நடுநிலைமை போயிடும். இந்தக் கட்டடத்துல ஒருத்தர்கிட்டயும் செடான் கிடையாது. லைசென்ஸ் இருக்கிறவங்கள நாங்க வேலைக்கே எடுக்கிறதில்ல. என் ஜீப்பக்கூட டிரைவர்தான் ஓட்டுறார். நான் பின்னால கண்ண மூடிக்கிட்டு உட்கார்ந்துப்பேன்."

அப்போது ஒருவர் புகைப்படக் கருவியோடு வந்து நின்றார். இயக்குநர் பரபரப்பானார். ஆண்டறிக்கையின் அட்டைக்கு நிலையான குடும்பத்தை ஐந்தாம் தலைமுறை வண்டியோடு படம் எடுக்க வேண்டும். அப்பாவுக்குப் புதுச் சட்டை வந்திருந்தது. இரண்டு பேர் அப்பாவை இறக்கி நிற்கவைத்து, பழைய சட்டையைக் கழற்றினார்கள். கழற்றினார்கள் என்றால், பின்னால் போட்டிருந்த துணிக் கிளிப்புகளை எடுத்தார்கள். சட்டை முன்பக்கம் கழன்று விழுந்தது. முதுகு முழுக்க மேலிருந்து கீழ்வரை வெட்டிய சட்டை.

தையல்காரர் குனிந்து விழுந்த சட்டையை எடுத்தார். "ஏங்க சட்டைய இப்படி வெட்டினீங்க?"

"வெட்டாம போட முடியாது" என்றார் ஒருவர். "கை மடங்கி இருக்கு. கைத்துளை சுற்றளவு பதினாறு. மடங்கின கைய அளந்தா பத்தொன்பது வருது. போகாதுன்னு கணக்கே சொல்லுது. இருபத்திரண்டு வருஷமா வெட்டித்தான் போடுறோம். முதுகு படத்துல விழாது."

அவர் கையில் கத்தரிக்கோல் இருந்தது. புதுச் சட்டை நல்ல பருத்தி. தையல் ஒழுங்காக இருந்தது. கத்தரி அதன் கழுத்துப்பட்டையை நெருங்கியது.

"நிறுத்துங்க" என்றார் தையல்காரர். அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்த பிறகு அவர் உரக்கப் பேசியது அதுதான் முதல்முறை. "குடுங்க இப்படி."

மடங்கிய கைக்குச் சட்டை போடுவது ஒன்றும் மந்திரம் இல்லை. முழங்கையை நேராகத் தள்ளினால் போகாது. அங்கேதான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். முழங்கையை மறந்துவிட வேண்டும். சட்டைக் கையைச் சுருட்டி வளையம் மாதிரி பிடித்துக்கொண்டு, முதலில் விரல்களை மட்டும் நுழைக்க வேண்டும். பிறகு மணிக்கட்டு. முன்கை உள்ளே வந்ததும் தள்ளுவதை நிறுத்திவிட்டு, வளையத்தை முழங்கையைச் சுற்றித் திருப்ப வேண்டும். எந்த நேரத்திலும் துளைக்குள் இருப்பது கையின் ஒரு துண்டுதான். பத்தொன்பது அங்குலமும் ஒரே சமயத்தில் துளைக்கு வருவதே இல்லை. அதனால் பதினாறு போதும். இரண்டு கைக்கும் இப்படிச் செய்து, சட்டையின் முதுகை எடுத்துத் தலைக்கு மேலாகப் பின்பக்கம் போட்டால் வேலை முடிந்தது.

தையல்காரர் அதைத்தான் செய்தார். அரை நிமிஷம். நிலையான அப்பா இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக முழுச் சட்டையோடு நின்றார். தையல்காரர் பழக்கத்தில் அவருடைய கழுத்துப்பட்டையைத் தட்டிவிட்டு, தோளை ஒருமுறை நீவினார்.

நீவிய கை தோளிலேயே நின்றது.

மடங்கிய கை. இருக்கைக் கோணத்தில் மடங்கிய நாற்காலி. பதினாறுக்குள் பத்தொன்பது. முப்பத்தொன்றுக்குள் முப்பத்தாறு.

"அற்புதம்!" என்று இயக்குநர் கைதட்டினார். "இத ஒரு முறையா எழுதித் தரணும் நீங்க. குழு ஒண்ணு போட்டு..."

தையல்காரர் அங்கே இல்லை. வெயிலில் காய்ந்துகொண்டிருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு காரின் பின்பக்கம் ஓடிக்கொண்டிருந்தார். மடக்கினார். பக்கவாட்டில் படுக்கவைத்தார். இதுவரை அவர் நாற்காலியை முழு நீளத்தோடு, முழு உயரத்தோடு, ஒரு பெட்டியைத் தள்ளுவது போலத் தள்ளியிருந்தார். நாற்காலி பெட்டி அல்லவே. முதுகுப் பக்கம் ஒரு கை, கால்தாங்கிப் பக்கம் ஒரு கை, நடுவில் முழங்கை.

கைப்பிடிகளை மட்டும் வாய்க்குள் நுழைத்தார். நேராக அல்ல, வலது பக்கமாக, பின்விளக்குக்கு உட்புறம் கொக்கி மாட்டுவது போல. முதுகுச் சட்டம் போனது. பெரிய சக்கரம் வந்தது. அதன் குறுக்களவு இருபத்து நான்குதான், இடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. தள்ளுவதை நிறுத்தினார். திருப்பினார். கைப்பிடிகள் உள்ளுக்குள் சுற்றிக்கொண்டு பின்சீட்டுப் பக்கம் போக, வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்தாங்கி, விருந்தாளி போன பிறகு உள்ளே வரும் வீட்டு நாய் மாதிரி, தானாக வளைந்து உள்ளே வந்தது.

மூடியைச் சாத்தினார். சாத்திக்கொண்டது. கண்ணியமான சத்தம்.

முன்சீட்டில் அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். "உடைச்சுட்டியா, உள்ள வெச்சுட்டியா?"

"வெச்சுட்டேன்க்கா."

அவள் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினாள். "தண்ணி தொட்டிக்குப் பக்கத்துல இருந்து சளி பிடிச்சிருச்சு" என்றாள்.

வாரியம் முழுக்க முற்றத்துக்கு வந்துவிட்டது. இயக்குநர் மூடிய டிக்கியைக் காட்டி ஊழியர்களுக்கு உரையாற்றினார். "பார்த்தீங்களா? காலைலயே நம்ம பிரிவு சொல்லிச்சு, போகும்னு. மக்கள் நம்பல. நாம அசையல. அசையாம இருந்ததாலதான் இன்னைக்கு இது நடந்திருக்கு."

தலைமுறை அம்மாள் புத்தகத்தை அணைத்துக்கொண்டு கவலையாக நின்றார். "சார், எதுக்கு நேரா மார்க் போடுறது? வாய்க்குத்தான் கட்டம் இல்லையே."

"கதவுச் சத்தத்துல சேர்த்துடுங்க."

லிட்டர் அலுவலர் மட்டும் திருப்தியில்லாமல் டிக்கியைச் சுற்றி வந்தார். தையல்காரரைத் தனியே அழைத்தார். "ஒண்ணு போயிருக்கு. சரி. மீதி நாற்பத்திரண்ட எப்பக் கொண்டுவர்றீங்க?"

"வாங்கினதும் கொண்டுவர்றேங்க."

"குடையையும் மறந்துடாதீங்க. கோப்பு நிலுவைல நிக்கும்."

மாலைக்குள் சான்றிதழ் கிடைத்தது. கெட்டிக் காகிதம், பொன் முத்திரை. அதில் இப்படி எழுதியிருந்தது: ஐந்தாம் தலைமுறை, மதிப்பெண் தொண்ணூற்றெட்டு, குடும்பம் நான்கு பேர், திருப்தி, சாமான் அக்கா ஒன்று, டிக்கியின் கொள்ளளவு சக்கர நாற்காலிகள் நாற்பத்து மூன்று. வாயில் காவலர் வில்லையை வாங்கிக்கொண்டு நாடாவைத் திருப்பிக் கொடுத்தார். நாடா கழுத்துக்கு ஏறியதும் தையல்காரருக்குத் தலை நேரானது.

யார்டுக்காரர் சான்றிதழைப் படித்துவிட்டுப் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "நாற்பத்து மூணா? அண்ணே, உங்க குடும்பத்துல எத்தன பேருக்குக் கால் முடியல?" பெயர் மாற்றம் வெள்ளிக்கிழமை முடிந்தது.

சனியும் ஞாயிறும் அக்கா விடவில்லை. நாற்காலியை வைக்கவும் எடுக்கவும் பதினெட்டு முறை ஒத்திகை பார்த்தார்கள். நான்காவது முறை தையல்காரர் பழக்கதோஷத்தில் நேராகத் தள்ளி, பின்விளக்கில் கீறல் விழுந்தது.

"திங்கட்கிழமை அவசரத்துல இப்படித்தான் செய்வ" என்றாள் அக்கா. "நீ இல்லாதப்ப வேற டீச்சர் யாராவது எடுத்து வைக்கணும். வாயால சொன்னா யாருக்கும் விளங்காது. அந்தச் சான்றிதழ எடு."

"எதுக்கு?"

"பின்பக்கம் வெறுமையா இருக்கு. நல்ல காகிதம்."

அவள் அதைத் திருப்பிப் போட்டு, கரும்பலகைக்குப் பழகிய உருண்டைக் கையெழுத்தில், யார் படித்தாலும் புரிகிற மாதிரி எழுதினாள். தையல்காரர் அதை டிக்கி மூடியின் உட்புறத்தில், பொன் முத்திரை உள்பக்கமும் அக்காவின் எழுத்து வெளிப்பக்கமுமாக ஒட்டினார். திங்கட்கிழமை எட்டு இருபதுக்குப் பள்ளிக்கூட வாசலில் அவர் டிக்கியைத் திறந்தபோது, எழுத்து கண்ணுக்கு நேராக நின்றது:

"நாற்காலியை மடக்கிப் பக்கவாட்டில் படுக்க வைக்கவும். கைப்பிடிகளை முதலில், வலது விளக்குக்குப் பின்னால் நுழைக்கவும். பெரிய சக்கரம் உள்ளே வந்ததும் தள்ளுவதை நிறுத்தி, கைப்பிடிகள் பின்சீட்டுப் பக்கம் போகும்படி திருப்பவும். கால்தாங்கி கடைசியில் வரும். வெளியே எடுக்க, இதையே கடைசியிலிருந்து செய்யவும்."